க்ரூஸரா, டூரரா? கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்

நெடுந்தூரப் பயணத்துக்கு பைக் தேடுபவர்கள் முதலில் கேட்பது சிசி எவ்வளவு என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபுட்பெக்கை. ராயல் என்ஃபீல்டின் இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டினால் காரணம் தெரிந்துவிடும். 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்த சூப்பர் மீட்டியார் 650 அசல் க்ரூஸர். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, கரடுமுரடான பாதைக்கும் ஈடுகொடுக்கும் டூரர்.

சூப்பர் மீட்டியாரின் சீட் உயரம் 740 மி.மீ. குள்ளமானவர்களும் இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றலாம். 648 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், 52 நியூட்டன் மீட்டர் டார்க். செங்கல்பட்டைத் தாண்டி திருச்சி சாலையில் ஆறாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் விட்டுவிட்டால், லாரியை முந்தக்கூட கியரைக் குறைக்க வேண்டியதில்லை. அந்த நிதானம் உண்மையிலேயே சுகமானது. 241 கிலோ எடை ஓடும்போது தெரிவதில்லை. பெட்ரோல் பங்க்கில் பின்னுக்குத் தள்ளும்போது நன்றாகத் தெரியும்.

சிக்கல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வருகிறது. பெக் முன்னால் இருப்பதால் கால் நீண்டுவிடுகிறது. உடம்பின் பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்குகிறது. வேகத்தடை வந்தால் காலை ஊன்றி லேசாக எழும்பிக்கொள்ள வழியில்லை. பின்பக்க சஸ்பென்ஷன் அசைவதும் 101 மி.மீ. மட்டுமே. சீட்டைத் தாழ்த்துவதற்குக் கொடுக்கும் விலை அது. க்ரூஸர் வகைக்கே உள்ள குணம் என்பதால், நல்ல ஷாக் அப்சார்பர் மாட்டினாலும் முழுதாகத் தீராது. இதே வண்டியில் உயரமான கண்ணாடியும் முதுகுச் சாய்மானமும் வைத்து ‘டூரர்’ என்று ஒரு வகை விற்கிறார்கள். பின்னால் உட்காருபவருக்கு அந்தச் சாய்மானம் பெரிய உதவி. ஓட்டுபவரின் கால் மட்டும் அதே இடத்தில்தான்.

ஹிமாலயனில் பெக் உடம்புக்கு நேர் கீழே. பள்ளத்தைக் கண்டால் எழுந்து நின்றுகொண்டே கடக்கலாம். முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பிக்கும். முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன், தரையிலிருந்து 230 மி.மீ. இடைவெளி; சூப்பர் மீட்டியாரில் இந்த இடைவெளி 135 தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அகன்ற ஹேண்டில்பார் வண்டியைச் சிரமமில்லாமல் திருப்பித் தருகிறது. குறை இல்லாமலில்லை. 452 சிசி ஒற்றை சிலிண்டர் தன் 40 குதிரைத்திறனை 8,000 ஆர்பிஎம்மில்தான் முழுதாகத் தருகிறது. முந்த வேண்டுமென்றால் கியரைக் குறைத்து முறுக்க வேண்டும். 825 மி.மீ. சீட்டில் குள்ளமானவர்கள் சிக்னலில் நுனிக்காலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

நான் தேர்ந்தெடுப்பது ஹிமாலயனை. நம் பயணங்கள் நான்குவழிச் சாலையிலேயே முடிவதில்லை. கடைசி முப்பது கிலோமீட்டர் ஊராட்சிச் சாலையாகவோ மலைப்பாதையாகவோதான் இருக்கிறது. ஆனால் துணையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை போய்வருவதுதான் உங்கள் பயணம் என்றால், சூப்பர் மீட்டியாரையே வாங்குங்கள்.

எதுவானாலும், ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு, வேகத்தடைகள் நிறைந்த சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.