புதுக் கைத்துப்பாக்கியைப் பழக்கும் வழக்கம்

அமெரிக்காவில் புதிதாக ஓர் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியை விலைக்கு வாங்கி, ஆவலோடு சுடுதளத்துக்குக் கொண்டுபோய், இரண்டாவது மேகஸின் தீருவதற்குள் தோட்டா பாதி வழியில் சிக்கி நின்றுவிட, மனம் சோர்ந்து விற்றவரிடமோ அனுபவசாலியான நண்பரிடமோ முறையிடுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: 200 தோட்டாவாவது சுட்டுவிட்டு வாருங்கள், 500 சுட்டால் இன்னும் நல்லது, அதன் பிறகும் தொந்தரவு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். 1911 மாதிரித் துப்பாக்கிகளை மிக இறுக்கமான பொருத்தத்தோடு செய்கிற சில தயாரிப்பாளர்கள் இப்படி ஓர் எண்ணிக்கையைக் கையேட்டிலேயே அச்சிட்டும் கொடுக்கிறார்கள். இந்த வழக்கத்துக்குப் பௌதிக நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் எல்லையைத் தாண்டி அது வெகுதூரம் போய்விட்டது என்பதும், பழுதின் காரணத்தை ஆராய வேண்டிய சமயத்தில் பொறுத்திருக்கச் சொல்லும் உபதேசமாகிவிட்டது என்பதும் என் அபிப்பிராயம்.

இதை நிதானமாக எடைபோட வேண்டுமானால் இந்த யந்திரம் எவ்வளவு நெருக்கடியில் வேலை செய்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். குதிரையை இழுத்துத் தோட்டா வெடித்ததும் ஸ்லைடு என்னும் மேற்பாகம் பின்னோக்கி ஓடுகிறது. ஓடும்போதே எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு கொக்கி வெற்றுக் கூட்டை விளிம்பில் பற்றி, தோட்டா அமரும் அறையிலிருந்து இழுக்க, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிய, பின்னெல்லையைத் தொட்ட ஸ்லைடு அமுங்கிய ஸ்பிரிங்கின் பலத்தால் முன்னோக்கித் திரும்பி, மேகஸினின் உச்சியில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை உந்தி, ராம்ப் எனப்படும் சாய்தளத்தின் மேல் வழுக்கி அறைக்குள் புகவைத்துப் பூட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் வெளியிலிருந்து எந்தச் சக்தியும் வருவதில்லை. ஒரு தோட்டாவின் வெடிப்பில் பிறந்த வேகத்தையே எல்லாக் காரியங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் உராய்வு சற்று மிகுந்தாலும், ஒரு ஸ்பிரிங் சற்று விறைத்திருந்தாலும், கடைசியில் நடக்க வேண்டிய காரியத்துக்குப் பலம் போதாமல் போகிறது.

புதுத் துப்பாக்கியில் உராய்வு மிகுந்திருப்பது உண்மை. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் கடைசல் விட்டுச்சென்ற நுண்ணிய மேடுகள் இன்னும் தேயாமல் இருக்கும். ஸ்பிரிங்குகள் முதல் சில நூறு அமுக்கல்களில்தான் தம் நிலையான நீளத்துக்கு இறங்கிவரும். துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய பிசுக்கு எண்ணெயை மசகெண்ணெய் என்று நம்பித் துடைக்காமலே சுடுகிறவர்கள் பலர். புது மேகஸினைக் கடைசித் தோட்டாவரை நிரப்பினால் விறைத்த ஸ்பிரிங் உச்சித் தோட்டாவை ஸ்லைடின் அடிவயிற்றில் அழுத்திப் பிடித்து அதன் வேகத்தைத் தின்றுவிடும். பழைய நாளில் புது மோட்டார் வாங்கியவர்கள் பின்பக்கத்தில் ‘ரன்னிங் இன்’ என்று அட்டை எழுதி மாட்டிக்கொண்டு முதல் சில நூறு மைல்களை மெதுவாக ஓட்டினார்களே, அதே நியாயம்தான் இங்கும். இந்த வகைக் குறைகள் நூறு, இருநூறு தோட்டாக்களில் தாமாகவே விலகிவிடுவதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்துமா? சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய இறுதிப் பரிசோதனையில், ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்துக் கோல்ட் நிறுவனம் செய்த கைத்துப்பாக்கி 6000 தோட்டாக்களை ஒரு தடையும் இல்லாமல் சுட்டது. சூடு தாங்க முடியாமல் போனபோது தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கியில் 37 கோளாறுகள் பதிவாயின. அதே மாதம் 29-ஆம் தேதி பிரௌனிங்கின் துப்பாக்கி 1911 மாதிரி என்ற பெயரில் ராணுவத்துக்கென ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1907 முதல் நடந்த பரிசோதனைகளில் தென்பட்ட குறைகளை வடிவத்திலேயே திருத்திய பிறகு கிடைத்த வெற்றி இது. சுடச் சுடச் சரியாகும் என்று காத்திருந்து பெற்றதல்ல. ராணுவத்துக்காகச் செய்த அந்தத் துப்பாக்கிகளின் பாகங்களுக்கிடையே தாராளமான இடைவெளி விடப்பட்டிருந்தது. சேறும் மணலும் புகுந்தாலும் ஓட வேண்டும் என்பதே நோக்கம். பிற்பாடு ஒஹாயோவிலுள்ள கேம்ப் பெர்ரியில் நடைபெறும் தேசியப் போட்டிகள் போன்றவற்றில் குறி தவறாமல் சுட விரும்பியவர்களுக்காகத் துப்பாக்கி வினைஞர்கள் ஸ்லைடையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் இறுக்கிப் பொருத்தத் தொடங்கினார்கள். பழக்கும் காலத்துக்கு உண்மையான தேவை இருப்பது இந்த இறுக்கமான, கையால் பொருத்திய துப்பாக்கிகளுக்குத்தான்.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்லைடைத் தாங்குவது நான்கு சிறு எஃகுத் துண்டுகள் மட்டுமே. நீளமான தண்டவாளங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பதமாவதற்கு அங்கே இடமே இல்லை. இந்த வகையில் செய்த புதுத் துப்பாக்கி முதல் நாளே அடிக்கடி சிக்கினால், 500 சுடச் சொல்வது ஒரு வகைத் துப்பாக்கிக்குரிய நியாயத்தை இன்னொன்றின் மேல் ஏற்றுவதாகும்.

இறுக்கமான 1911-இலும்கூட எல்லாத் தோஷங்களையும் தோட்டாச் செலவு தீர்ப்பதில்லை. அதன் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடுக்குள் பதிந்த ஒற்றை எஃகுத் துண்டு; அதை இலேசாக வளைத்தே அதன் பிடியின் அழுத்தத்தை அமைக்கிறார்கள். அழுத்தம் மிகுந்தால், கீழிருந்து எழும்பி வரும் தோட்டாவின் விளிம்பு கொக்கிக்குள் நுழைய முடியாமல், ஸ்லைடு மூடுவதற்குக் கால் அங்குலம் முன்பே நின்றுவிடும். குறைந்தால், வெற்றுக் கூட்டை நடுவழியில் நழுவவிட்டு, அது வெளியேறும் வாயிலில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்ள இடம் கொடுக்கும். இதை அனுபவமுள்ள கை சரிசெய்ய வேண்டும். எத்தனை சுட்டாலும் தளர்ந்தது இறுகப்போவதில்லை. குழலின் சாய்தளத்துக்கும் சட்டத்தின் சாய்தளத்துக்கும் நடுவே அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது இந்த மாதிரியை அறிந்தவர்களின் பாலபாடம். அந்த இடைவெளியின்றிக் குழலின் விளிம்பு முன்தள்ளியிருந்தால் ஒவ்வொரு குண்டின் மூக்கும் அதில் இடித்துக்கொள்ளும். அந்த விளிம்பைத் தேய்க்க 500 செம்புறைக் குண்டுகள் எம்மாத்திரம்?

மேகஸினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகச் சாதாரணமான குற்றவாளியும் அதுதான், மிகக் கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுதான். அதன் தலைப்பில் உள்வளைந்த இரண்டு தகட்டு உதடுகளே தோட்டா எந்தக் கோணத்தில், எந்தக் கணத்தில் விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஓர் உதடு மயிரளவு விரிந்திருந்தால் தோட்டா முன்கூட்டியே எழும்பி அறையின் மேல்விளிம்பில் முட்டும். ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் தலை தாழ்ந்து சாய்தளத்தின் அடியில் முட்டும். நெயில் பாலிஷ் கொண்டு ஒவ்வொரு மேகஸினிலும் ஓர் எண் எழுதிவிட்டால், சிக்கல் எல்லாம் இரண்டாம் எண்ணோடு மட்டும் வருகிறதா என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். பழக்கும் வழக்கமோ எல்லா மேகஸின்களையும் கலந்து நிரப்பிக் கொட்டச் சொல்கிறது. நூற்றுக்கணக்கில் சுட்ட பிறகு சிக்கல் நின்றால், தண்டவாளம் பதமாயிற்றா, ஸ்பிரிங் இறங்கிற்றா, சுடுகிறவரின் கை தேறிற்றா, பெட்டி மாறித் தோட்டா மாறிற்றா என்று சொல்ல முடிவதில்லை. பல காரணங்களை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு ஒரு காரியத்தை மட்டும் பார்க்கிற பரிசோதனையில் ஞானம் எதுவும் மிஞ்சாது. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறையாக நான் கருதுவது இதுவே.

இதன் உடன்பிறப்பாக வருவது, பிடி தளர்ந்ததால்தான் சிக்கிற்று என்று சுடுகிறவர்மேல் பழிபோடுவது. இதிலும் உண்மை இருக்கிறது: ஸ்லைடு ஓடுவதற்குச் சட்டம் ஓரளவு அசையாமல் நிற்க வேண்டும், மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் சட்டமும் கூடவே பின்னோக்கிப் போய், ஸ்லைடு பின்னெல்லையை எட்டாமலே திரும்பிவிடும். எடை குறைந்த சட்டங்களில் இது இன்னும் எளிதில் நேரும். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு காரணத்தைச் சோதிக்காமலே தீர்ப்பாகச் சொல்வது நியாயமல்ல. அதே துப்பாக்கியை, அதே மேகஸினோடும் தோட்டாவோடும், கைதேர்ந்த இன்னொருவரிடம் கொடுத்துச் சுடச்சொன்னால் போதும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இந்தப் பழி எவ்வளவு சுலபமாகச் சுமத்தப்படுகிறது என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தோட்டாவின் விஷயத்தில் வழக்கம் இன்னொரு விதத்திலும் தவறுகிறது. 1911 மாதிரி .45 துப்பாக்கி 230 கிரெயின் எடையுள்ள உருண்டை முனைக் குண்டுக்காகப் பிறந்தது. தற்காப்புக்கு அதை வைத்திருப்பவர் அறையில் ஏற்றுவதோ, முனை அகன்ற, உருவம் வேறான குழிமுனைக் குண்டு. விலை மலிவு என்பதற்காக உருண்டை முனைத் தோட்டாக்களாலேயே 500-ஐயும் முடித்து, துப்பாக்கி பழகிவிட்டது என்று திருப்தியடைகிறவர், தாம் நம்பப்போகிற தோட்டாவைப் பற்றி ஒன்றுமே அறிந்துகொள்ளவில்லை. எண்ணிக்கை கொடுக்கும் நம்பிக்கையும் அவர் நினைக்கிற அளவுக்கு இல்லை. 200 தோட்டா தடையின்றிச் சுட்டாயிற்று என்றால், கணித முறைப்படி நூற்றுக்கு 95 பங்கு உறுதியோடு சொல்லத்தக்கது, தடை நேரும் விகிதம் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் இராது என்பது மட்டுமே. அந்த மேல்வரம்பிலேயே ஒரு துப்பாக்கி இருக்குமானால், ஏழு தோட்டா கொண்ட மேகஸின்களில் பத்துக்கு ஒன்று வீதம் சிக்கக்கூடும். சுட்டது வீண் என்று நான் சொல்லவில்லை. இருநூறு என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை என்கிறேன்.

பொறுமையிழந்தவர்கள் எதிர்த்திசையில் ஓடி, சுழலும் சிறு கருவியை எடுத்துச் சாய்தளத்தை வீட்டிலேயே பளபளப்பாக்க முற்படுவது இதைவிட அபாயம். மெருகேற்றுவதாக நினைத்துக் கோணத்தை மாற்றிவிட்டால், அறையின் அடிப்பக்கத்தில் தோட்டாக் கூட்டுக்கு ஆதாரம் குறைந்து, வெடிப்பின் அழுத்தத்தில் கூடு கிழிய நேரலாம். மருந்துள்ள தோட்டாவைத் திரும்பத் திரும்பக் கையால் ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் கூடாது. குண்டு கூட்டுக்குள் அமுங்கிப்போனால் சுடும்போது அழுத்தம் வரம்பு மீறும். கைப்பரிசோதனைக்கு மருந்தில்லாத போலித் தோட்டாக்களே ஏற்றவை. சிக்கலைக் களைவதற்குக் கற்றுக்கொடுக்கப்படும் மேகஸினைத் தட்டி ஸ்லைடை இழுக்கும் பயிற்சி அவசரத்துக்கு நல்லதுதான்; ஆனால் ஒரு வேட்டு வழக்கத்துக்கு மாறாக மெலிந்து ஒலித்தால், மறு தோட்டாவை ஏற்றாமல் நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் குண்டு தங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் இந்த நிதானம் பறிபோவதையும் வழக்கத்தின் குற்றக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே எண்ணிக்கையை ஒழிக்க வேண்டாம். அதன் பயனை மாற்ற வேண்டும். முதலில் சுத்தம் செய்து எண்ணெயிட்டு, எண்ணிட்ட மேகஸின்களோடு, ஒரே வகைத் தோட்டாவில் தொடங்கி, ஒவ்வொரு தடையின்போதும் ஸ்லைடு எங்கே நின்றது, தோட்டாவின் மூக்கு எதில் முட்டியது, எத்தனையாவது தோட்டா, எந்த மேகஸின் என்று குறித்துக்கொண்டால், 500-க்குக் காத்திராமலே விடை கிடைக்கும். தடைகள் வரவரக் குறைந்து மறைந்தால் அது பழகியது. ஒரே இடத்தில் ஒரே விதமாகத் திரும்ப வந்தால் அது பழுது, ஐம்பதாவது தோட்டாவிலேயே அதைப் பழுது என்று சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருளின் கடைசிப் பரிசோதனையை வாங்கியவரின் செலவிலேயே நடத்தச் சொல்வது வியாபார தர்மமாகாது. அமெரிக்க மத்தியச் சட்டம், பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியை உரிமையாளர் தயாரிப்பாளருக்கு அனுப்பவும், அவர் அதை நேரே உரிமையாளருக்குத் திருப்பி அனுப்பவும் இடம் கொடுக்கிறது. அப்படி அனுப்பும்போது துப்பாக்கியோடு தகராறு செய்த அந்த மேகஸினையும், தோட்டாவின் தயாரிப்புப் பெயரும் எடையும் எழுதிய அந்தக் குறிப்புத்தாளையும் சேர்த்து வைத்துக் கட்டினால், பிரித்துப் பார்க்கும் வினைஞருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.