எண்ணெய் லேனில் எந்தப் பந்து நல்ல பந்து? ஒப்பீடுகளைப் பற்றி ஒரு விமர்சனம்

பௌலிங் பந்து விமர்சனம் என்று ஒரு தனி வகை வீடியோ இருக்கிறது. கிரிக்கெட் பௌலிங் இல்லை. கனமான பந்தை நீளமான லேனில் உருட்டி, கடைசியில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கிற டென்பின் பௌலிங். ஆட்டக்காரர் ஒருவர் மூன்று பந்துகளை எடுத்துக்கொள்வார். ஒவ்வொன்றையும் ஒரே லேனில் நாலைந்து தடவை வீசுவார். பிறகு மூன்றின் பாதையையும் மூன்று வண்ணக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டுவார்கள். சிவப்புக் கோடு நீலத்தைவிட நாலு பலகை அதிகம் வளைந்திருக்கும். தீர்ப்பு: சிவப்புப் பந்து 'ஸ்ட்ராங்'. புதுப் பந்து ஒன்றின் விலை இருநூறு டாலரைத் தொடும் என்பதால் இந்தத் தீர்ப்பை நம்பிப் பணம் போடுகிறவர்கள் நிறைய.

இப்படிப்பட்ட ஒப்பீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். என் தொழில் மென்பொருள். ரெண்டு நிரலில் எது வேகம் என்று சோதிப்பது எங்களுக்குத் தினசரி வேலை, அதில் எப்படியெல்லாம் ஏமாறலாம் என்பதும் கொஞ்சம் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த வீடியோக்களில் அளக்கப்படுவது பந்து இல்லை என்றே தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஆடுகளம்

ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் சுமார் 41.5 அங்குலம், அது 39 பலகைகளாகக் கணக்கு. ஒரு பலகை என்றால் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த லேன்மேல் இயந்திரம் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுகிறது. மரத்தைக் காப்பாற்றப் போட ஆரம்பித்தது இது. இன்று பெரும்பாலான லேன்கள் செயற்கைப் பரப்புதான், ஆனாலும் எண்ணெய் போகவில்லை, ஏனென்றால் இப்போது ஆட்டமே அதுதான்.

சாதாரண நாட்களில் பொதுமக்களுக்குப் போடும் 'ஹவுஸ் பேட்டர்ன்' ஏறக்குறைய 40 அடி நீளம் இருக்கும். நடுவில் எண்ணெய் கனமாக, ஓரத்தில் லேசாக. கடைசி 20 அடி காய்ந்த தரை. கேரம் போர்டில் ஒரு பக்கம் பவுடர் தூவி மறுபக்கம் விட்டுவிட்டால் ஸ்ட்ரைக்கர் எப்படி நடந்துகொள்ளும்? அதேதான். எண்ணெய் இருக்கிற வரை பந்து வழுக்கும், எண்ணெய் முடிந்ததும் கடிக்கும். வழுக்கல், திரும்பல், உருளல் என்று மூன்று கட்டங்கள்.

ஹவுஸ் பேட்டர்னில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் வெளியே தவறவிட்டால் காய்ந்த ஓரம் பந்தைத் திருப்பி உள்ளே அனுப்பும். உள்ளே தவறவிட்டால் நடு எண்ணெய் பந்தைப் பிடித்து வைக்கும். அதாவது லேனே பிழை திருத்துகிறது. போட்டிகளுக்கான 'ஸ்போர்ட்' பேட்டர்னில் நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் விகிதம் 3:1-க்கு மேல் போகக்கூடாது. அங்கே இந்தச் சலுகை கிடைக்காது. தொழில்முறை ஆட்டமான பிபிஏ-வில் பேட்டர்ன்களுக்கு விலங்குப் பெயர்கள் உண்டு. சீட்டா குட்டை, ஷார்க் நீளம். எந்தப் பேட்டர்னில் வீசினார் என்றே சொல்லாத விமர்சனம், பிட்ச் எப்படி இருந்தது என்று சொல்லாமல் ரெண்டு ஸ்பின்னர்களை ஒப்பிடுவது மாதிரி. சேப்பாக்கத்தில் முதல் நாள் காலையா, ஐந்தாம் நாள் மாலையா என்று தெரியாமல் என்ன பேச முடியும்?

ஒரு சின்னக் கணக்கு

பந்தை எல்லாப் பக்கமும் சமமான திண்ம உருண்டையாக எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். வேகம் மணிக்கு 18 மைல். சுழற்சி நிமிடத்துக்கு 300, அச்சு 45 டிகிரி சாய்ந்து. உராய்வுக் கெழு எண்ணெயில் 0.04, காய்ந்த இடத்தில் 0.2. இந்த ஆட்டத்தைப் பற்றிய இயற்பியல் கட்டுரைகளில் வழக்கமாக வரும் அளவுகள்தான் இவை. எண்ணெய் 40 அடி.

முதல் 40 அடியில் பந்து புறப்பட்ட திசையிலிருந்து ரெண்டு டிகிரிகூடத் திரும்புவதில்லை. மீதி 20 அடியில்தான் ஆட்டம். பின்களை அடையும்போது மொத்தம் 6 டிகிரி.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு. வழுக்கல் முழுசாக நின்று பந்து உருள ஆரம்பித்துவிட்டால், அந்த 6 டிகிரியில் உராய்வுக் கெழுவுக்குப் பங்கே கிடையாது! கெழு 0.2 ஆனாலும் 0.3 ஆனாலும் கடைசி திசை ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது கையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த வேகமும் சுழற்சியும் மட்டும். பந்தின் மேற்பரப்பும் எண்ணெயும் சேர்ந்து முடிவு செய்வது அந்தத் திருப்பம் *எங்கே* நடக்கிறது என்பதைத்தான். சீக்கிரம் திரும்பினால் பக்கவாட்டில் நகர நிறைய தூரம் கிடைக்கும், அதனால் கோடு அதிகம் வளைந்ததாகத் தெரியும். தாமதமாகத் திரும்பினால் வளைவு குறைவாகத் தெரியும். 'ஸ்ட்ராங்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் 'சீக்கிரம்' என்பதைத்தான்.

விதிவிலக்கு பிளாஸ்டிக் பந்து. காய்ந்த இடத்தில் அதன் உராய்வைப் பாதியாக, 0.1 என்று வைத்தால் பின்களை அடையும்போதும் அது வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. திருப்பம் 5 டிகிரிக்குள் நின்றுவிடுகிறது. மிச்சம் நிற்கும் ஓரப் பின்னை நேராக அடிக்க அதை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, எதை மாற்றினால் பந்து எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தேன்.

- காய்ந்த இடத்தின் உராய்வை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் (இன்னொரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்): சுமார் 1.5 பலகை வித்தியாசம்.
- எண்ணெயை 40-லிருந்து 44 அடி ஆக்கினால்: சுமார் 2.5 பலகை.
- வீசும் வேகத்தை 18-லிருந்து 17 மைல் ஆக்கினால்: சுமார் 4 பலகை.

சிவப்புக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் நாலு பலகை வித்தியாசம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதை உண்டாக்கப் பந்தை மாற்றவே வேண்டாம். ஒரு மைல் வேகம் குறைத்து வீசினால் போதும். மனுஷன் கை ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் வீசாது. அப்படியிருக்க வேகத்தைத் திரையில் காட்டாத ஒப்பீட்டுக்கு என்ன மதிப்பு?

லேன் மறப்பதில்லை

ஒரே சர்வரில் மூன்று நிரல்களை வரிசையாக ஓட்டி நேரம் அளந்தால் மூன்றாவதுக்கு முதலிரண்டும் விட்டுப்போன மிச்சம் கிடைக்கும். லேனிலும் இதே கதை. ரியாக்டிவ் ரெசின் பந்து தான் போன தடத்தில் எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பத்துப் பதினைந்து வீச்சில் அந்தப் பாதை காய ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்கும் யூரித்தேனும் அவ்வளவாக உறிஞ்சாது. எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் காய்ந்த பகுதியில் தடவிவிடும். ஆக முதல் பந்து பார்த்த லேன் வேறு, மூன்றாவது பந்து பார்த்த லேன் வேறு. 'எல்லாம் ஒரே லேனில்தான் வீசினேன்' என்று நேர்மையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த நேர்மை இங்கே உதவாது. வீசும் வரிசையைக் கலைத்துப் போட்டு, கடைசியில் முதல் பந்தையே மறுபடி வீசிக் காட்டினால் லேன் எவ்வளவு மாறியது என்றாவது தெரியும். இதைச் செய்கிறவர்கள் மிகச் சிலர்.

தோலின் வரலாறு

பந்து முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பந்தில் *எது* முக்கியம் என்பதுதான் கேள்வி. விளம்பரங்களில் பாதி இடம் உள்ளே இருக்கும் கோரின் படத்துக்குப் போகிறது. ஆனால் வரலாறு முழுக்க ஆட்டத்தைப் புரட்டிப் போட்டது தோல்தான். 1905-ல் ரப்பர் பந்து வந்து மரப் பந்தை ஓரங்கட்டியது. பிறகு பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக். 1973-ல் டான் மெக்கியூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை எம்.இ.கே. என்ற கரைப்பானில் ஊறவைத்து மேல்தோலை மென்மையாக்கினார். அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்கள், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கோரில் ஒரு மாற்றமும் இல்லை! பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்தது இதற்குப் பிறகுதான். 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்று அடுத்தடுத்து வந்ததும் தோல் மாற்றங்களே.

இன்றைக்கும் சண்டை அங்கேதான். 2022-ல் அமெரிக்காவின் யூஎஸ்பிசி அமைப்பு, கடினத்தன்மை வரம்புக்குக் கீழே இருந்ததால் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஸ்பெக்டர் பந்துக்கான அங்கீகாரத்தை ரத்து செய்தது. எண்ணெயை உறிஞ்சும் வேகத்துக்கும் விதி இருக்கிறது. போட்டி நடக்கும்போது திரவம் போட்டுத் துடைக்கக்கூடாது, உலர்ந்த துணி மட்டும்தான். ஒரு ஆட்டத்தின் விதிப் புத்தகம் எதைக் கண்டு பயப்படுகிறதோ அதுதான் அங்கே உண்மையான சக்தி.

அதே யூஎஸ்பிசி 2000-களில் இயந்திரக் கையையும் லேன் நெடுகச் சென்சார்களையும் வைத்து பந்தின் ஓட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. மேற்பரப்பின் சொரசொரப்பு, லேன்மேல் உராய்வு, எண்ணெய் உறிஞ்சும் வேகம் ஆகியவைதான் முன்வரிசையில் வந்தன. கோரின் எண்கள் அதற்குப் பிறகு.

சொரசொரப்பு பந்தோடு பிறந்த குணம் இல்லை. 500 எண் தேய்ப்புத் தாளால் தேய்த்தால் ஒரு பந்து, 4000-ல் மெருகேற்றினால் அதுவே இன்னொரு பந்து. கொஞ்ச நாள் ஆடினால் தானாகவே மழுங்கிவிடும். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பந்தையும் அறுபது ஆட்டம் ஆடிய பழைய பந்தையும் பக்கத்தில் வைத்து 'புது மாடல் ஸ்ட்ராங்' என்று சொல்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அங்கே ஜெயித்தது மாடல் இல்லை, புதுசு.

கோருக்கு என்னதான் வேலை?

கோருக்கும் நியாயம் செய்துவிடுவோம். என் கணக்கு சமச்சீர் உருண்டைக்கானது. நிஜப் பந்தில் கோரின் வடிவத்தால் சுழலும் அச்சு மெல்ல இடம் மாறுகிறது. பின்களை அடைவதற்குள் பந்து சுமார் 15 சுற்று சுற்றும். அச்சு நகராவிட்டால் ஒரே வளையம் திரும்பத் திரும்ப எண்ணெயில் படும், அதாவது எண்ணெய் பூசிய தோல் எண்ணெய்மேல் ஓடும். அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் புதுசாக, எண்ணெய் படாத தோல் லேனைத் தொடும். ஆடி முடித்த பந்தில் விசிறி மாதிரி எண்ணெய் வளையங்கள் தெரிவது இதனால்தான். இதை 'ஃப்ளேர்' என்கிறார்கள். இதன் அளவைக் கட்டுப்படுத்தும் ஆர்ஜி வித்தியாசத்துக்கு 0.060 அங்குலம் என்று உச்ச வரம்பும் உண்டு. திருப்பம் நீண்டு வளையுமா, சட்டென்று மடங்குமா என்பதிலும் கோருக்குப் பங்கு உண்டு. ஆனால் அதன் முதல் வேலை தோலுக்குச் சுத்தமான பரப்பை எடுத்துக் கொடுப்பது.

வேறு எப்படிச் செய்யலாம்?

இந்த வீடியோக்கள் ஒன்றை நன்றாகவே செய்கின்றன. பந்து எந்த இடத்தில் திரும்புகிறது, எந்த வடிவில் திரும்புகிறது என்பதைக் காட்டுகின்றன. மொத்த வளைவுக்கு ஒரு எண் போட்டு வரிசைப்படுத்தும்போதுதான் கோளாறு. மூன்று பந்தையும் ஒரே தாளில் தேய்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். பேட்டர்னின் பெயரையும் நீளத்தையும் சொல்லலாம். ஒவ்வொரு வீச்சின் வேகத்தையும் திரையில் போடலாம். நல்ல வீச்சை மட்டும் பொறுக்காமல் எல்லாவற்றையும் காட்டலாம். சாதாரணக் கேமராவே போதும், புதுச் செலவு ஒன்றும் இல்லை.

பார்க்கிற நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: வீசுகிறவர் நான்தானா? நிமிடத்துக்கு 450 சுற்று சுற்றும் கைக்கு அழகாகத் திரும்பும் பந்து, 250 சுற்று போடும் கைக்கு அந்தக் கோட்டில் போகாது. மெதுவாக வீசுகிறவர் 'ஸ்ட்ராங்' பந்தை வாங்கினால் அது பாதி லேனிலேயே திரும்பி, சக்தியெல்லாம் இழந்து, பின்களைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போகும். அவருக்குத் தேவை ஒருவேளை இன்னும் அடக்கமான பந்தாக இருக்கலாம். இல்லையென்றால், கையில் இருக்கும் பந்துக்கே சில டாலரில் கிடைக்கும் ஒரு தேய்ப்புத் தாளாக இருக்கலாம். இருநூறு டாலரை எடுத்து வைப்பதற்கு முன்னால் அதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.