ஆற்றடிப் புழுவும் அழகான சூத்திரமும்

ஆற்று நீரைக் குப்பியில் பிடித்துச் சோதித்தால், பிடித்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்பது மட்டுமே தெரியும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கும். ஆனால் அடிக்கல்லையும் சேற்றையும் பற்றி வாழும் புழுக்கள், நத்தைகள், பூச்சிகளின் இளம் பருவங்கள் ஆகியவை எளிதில் ஓடிவிட முடியாதவை. பல வாரங்களாக ஆறு பட்ட பாட்டை அவை காட்டிவிடும். இதில் எனக்கு மறுப்பில்லை. அவை காட்டுவதை ஒற்றை எண்ணாகச் சுருக்குகிறோமே, அதில்தான் எனக்கு வழக்கு.

அந்த எண்ணைத் தருவது, செய்தித் தொடர்பை ஆராய்ந்த கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட சூத்திரம். இயற்பியல் மாணவர்கள் பார்த்தவுடன் இனங்கண்டு கொள்வீர்கள்; நம் என்ட்ரோபியின் வடிவமே அது. உயிரினங்கள் பலவாகி, எண்ணிக்கையிலும் சமமாக இருந்தால் விடை உயரும். கழிவு சேர்ந்து ஆக்சிஜன் குறையும்போது, தாங்காதவை மடிந்து, தாங்கும் சில இனங்களே பெருகுவதால் விடை தாழும். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்கெலிட்டன் ஓடையில் வீட்டுக் கழிவும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கழிவும் கலந்தன. அதை ஆராய்ந்த வில்ம், டாரிஸ் இருவரும் 1968இல் எல்லைகள் வகுத்தனர்: 3க்கு மேல் தூய நீர், 1 முதல் 3 வரை நடுத்தர மாசு, 1க்குக் கீழே கடும் மாசு.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் 100 உயிர்கள். ஐந்து இனங்கள், இனத்துக்கு 20. மடக்கையின் அடிமானம் 2 எனில் விடை 2.32. அந்த ஐந்தும் தெளிந்த நீரை நாடும் மே ஈ, கல் ஈ வகைகளானாலும் 2.32, சாக்கடைச் சேற்றில் நெளியும் புழுவினங்களானாலும் அதே 2.32! வந்திருப்பது யார் என்று சூத்திரம் கேட்பதே இல்லை. மலையுச்சி ஊற்றோடையில் இயல்பாகவே இனங்கள் குறைவு. அங்கே சிறிது கழிவு கலந்து உணவு பெருகினால், சில சமயம் எண் உயரவும் கூடும்.

பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் உருவான முறை வேறு. மே ஈக்களின் பல குடும்பங்களுக்கு 10 மதிப்பெண், கைரோனமிட் புழுக்களுக்கு 2, மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு 1. கூட்டல் தெரிந்தால் போதும், மடக்கை வேண்டாம். குறையும் உண்டு: ஒரு குடும்பத்தில் ஓர் உயிர் கிடைத்தாலும் ஆயிரம் கிடைத்தாலும் மதிப்பெண் ஒன்றே. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த உயிரியல் அளவுகோல், இத்தகைய மதிப்பெண்ணையும் பன்மையையும் சேர்த்தே பார்க்கிறது. என்ட்ரோபியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் எனக்குச் சற்று வருத்தந்தான். ஆயினும் ஆற்றங்கரையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்தக் கூட்டல் கணக்கையே எடுப்பேன்.