கீழே நாடு, மேலே பொருள்: கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அரும்பொருளகத்தின் பகுப்புமுறை

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவின் ஓரத்தில், தேசியப் பள்ளிவாசலுக்கு அருகில், 1998 டிசம்பரில் திறக்கப்பட்ட மலேசிய இஸ்லாமியக் கலை அரும்பொருளகம் அல்புகாரி அறக்கட்டளையின் முயற்சியால் உருவானது. ஓவியம், சிற்பம் எனத் தனித்து நிற்கும் கலைகளைக் காட்டிலும், குடம், விரிப்பு, பேழை, வாள், நகை, மரச்சட்டம் என்று புழக்கத்துக்காகச் செய்யப்பட்டு அழகும் ஏற்றப்பட்ட பொருள்களே அதன் சேகரிப்பில் மிகுதி. இவற்றைக் கலை வரலாற்றாளர் அலங்காரக் கலைகள் என்பர். உடுத்தியும் ஊற்றியும் ஏந்தியும் பழகிய பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கணமே அதன் பழைய உறவுகள் அறுந்துபோகின்றன. அவற்றுள் எதைப் பார்வையாளருக்கு மீட்டுத் தருவது, எதைக் கைவிடுவது என்பதைக் கூடங்களின் பகுப்புமுறையே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது என்பதால், அந்த முறை தனித்து ஆராயத் தக்கது.

இங்குள்ள நிரந்தரக் கூடங்கள் பன்னிரண்டும் இரு வேறு கொள்கைகளின்படி இரு தளங்களில் அமைந்துள்ளன. கீழ்த்தளத்தில் கட்டடக்கலையும் குர்ஆன் சுவடிகளும் இடம்பெற, அவற்றை அடுத்து இந்தியா, சீனா, மலாய் உலகம் என நிலப்பரப்பின் பெயரால் மூன்று கூடங்கள் வருகின்றன. மேல்தளத்திலோ துணி, நகை, படைக்கலம், நாணயம், உலோகம், மரம், மண்பாண்டம் எனச் செய்பொருளின் பெயரால் ஏழு கூடங்கள் உள்ளன.

கீழ்த்தளத்தின் தேர்வு துணிவானது. இஸ்லாமியக் கலை என்றாலே கெய்ரோ, திமிஷ்கு, இஸ்பஹான், இஸ்தான்புல் என்று மேற்காசியாவைச் சுற்றியே பேசுவது மேலை உலகின் நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2011இல் தன் கூடங்களைப் புதுப்பித்தபோது, இஸ்லாமியக் கலை என்ற ஒற்றைப் பெயரைத் தவிர்த்து, அரபு நிலங்கள், துருக்கி, ஈரான், நடு ஆசியா, பிற்காலத் தெற்காசியா என்று நிலங்களை வரிசைப்படுத்திப் பெயரிட்டது. அந்த நீண்ட பெயர்கூடத் தென்கிழக்காசியாவை எட்டவில்லை. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் மக்கள்தொகைகளுள் ஒன்றைக் கொண்ட மலாய்–இந்தோனேசிய உலகுக்குக் கோலாலம்பூர் தனிக்கூடம் தந்ததும், சீன முஸ்லிம்களின் எழுத்தணியையும் பீங்கானையும் ஓரப் பொருளாக ஒதுக்காமல் இணையான இடத்தில் அமர்த்தியதும், அந்த வரைபடத்தைத் திருத்தி எழுதிய செயல்களாகும். இந்த ஒன்றுக்காகவே இந்நிறுவனம் மதிக்கத் தக்கது.

மேல்தளத்தின் முறைக்கு வேறொரு வேர் உண்டு. 1851 பெருங்கண்காட்சியைத் தொடர்ந்து லண்டனில் தோன்றி, பின்னர் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் எனப் பெயர் பெற்ற அருங்காட்சியகம், 1909இல் புதிய கட்டடத்துக்கு விரிந்தபோது தன் பொருள்களை மரம், உலோகம், மண், நெசவு எனச் செய்பொருள்வாரியாக அடுக்கியது. தச்சரும் தட்டாரும் நெசவாளரும் தத்தம் தொழிலின் உயர்ந்த மாதிரிகளை ஒரே இடத்தில் கண்டு கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த முறையின் பயன் இன்றும் தேய்ந்துவிடவில்லை. பித்தளையில் வெள்ளியைப் பதிக்கும் மேற்காசிய வேலையையும், துத்தநாகக் கலவையைக் கருமையாக்கி அதன்மேல் வெள்ளியை ஒளிரச் செய்யும் தக்காணத்துப் பிதர் வேலையையும் ஒப்புநோக்க விரும்புவோருக்கு உலோகக் கூடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பாதுகாப்பு நோக்கிலும் இது வசதியானது. நெடுங்கால ஒளியில் சாயம் வெளுக்கும் துணிக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சமே ஏற்றது என்பதும், உலோகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்பதும் காப்பாளர்களின் பொதுவான நடைமுறை. ஒருவகைப் பொருளை ஓரிடத்தில் சேர்த்தால் வெளிச்சத்தையும் ஈரப்பதத்தையும் ஆள்வது எளிதாகிறது.

எனினும், இரு கொள்கைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பொருள் வந்து விழும்போதுதான் குறை புலப்படுகிறது. சோழமண்டலக் கரையின் துணியை அதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். கடலோர மணற்பாங்கில் விளைந்த சாயவேரிலிருந்து செந்நிறம் எடுத்து, நிறம் பற்றுவதற்குப் படிக்காரம் ஊட்டி, தமிழ், தெலுங்கு நிலங்களின் கைவினைஞர் உருவாக்கிய பருத்தித் துணிகள், தென்கிழக்காசியாவின் வாசனைப்பொருள்களுக்கு விலையாகப் பல நூற்றாண்டுகள் கடல் கடந்தன. டச்சுக்காரர் 1610 அளவில் பழவேற்காட்டில் காலூன்றியதற்கு இந்தத் துணியே தலையாய காரணம். அவர்களுக்கு முன்பும் அவர்கள் காலத்திலும் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் தமிழ் முஸ்லிம் கடல்வணிகரான மரைக்காயர்கள் இதே வணிகத்தில் கப்பல் ஓட்டினர். வாங்குவோரின் விருப்பம் நெய்வோரின் கையை வந்தடைந்தது. மலாய், ஜாவா மக்கள் விரும்பிய முக்கோண வரிசைக் கரைகள் சோழமண்டலத் துணிகளில் இடம்பெற்றன. மலேசியாவில் இன்றும் ஆண்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் வழங்கும் 'கைன் பெலிக்காட்' என்ற பெயர் பழவேற்காட்டிலிருந்தே வந்தது.

இப்படிப்பட்ட துணி எந்தக் கூடத்துக்கு உரியது? கீழ்த்தளத்து இந்தியக் கூடத்தின் மையம் முகலாய அரசவை. அதன் அளவுகோல் தில்லியும் ஆக்ராவும் என்பதால், கடற்கரை நெசவூர்களும் வணிகத் துறைகளும் அந்தக் கதையின் விளிம்புக்குப் போய்விடுகின்றன. மலாய் உலகக் கூடத்தில் வைத்தால் அது உடுத்தியவரின் பண்பாடாகிறது. மேல்தளத்துத் துணிக் கூடத்தில் வைத்தால் நூலும் சாயமும் உத்தியும் ஆகிறது. மூன்றும் உண்மையே என்றாலும், நெய்தவரையும் ஏற்றியவரையும் உடுத்தியவரையும் ஒரே இழையில் கோத்த கடல்வழி மூன்றிலும் நழுவிப்போகிறது. நெய்தவர் பலர் முஸ்லிம்கள் அல்லர் என்று இதற்கு விடை சொல்ல இயலாது. முஸ்லிம் சமூகங்களில் உருவானவற்றோடு அவற்றுக்காகப் பிறர் உருவாக்கியவற்றையும் உள்ளடக்கியதே இஸ்லாமியக் கலை என்பது அத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. அதன்படி பார்த்தால் மரைக்காயர் ஏற்றி, மலாய் முஸ்லிம் உடுத்திய துணியைவிட இந்த அரும்பொருளகத்துக்கு நெருங்கிய பொருள் வேறில்லை.

உறவுகளைக் காத்துக் காட்டும் திறன் இந்நிறுவனத்துக்கு இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த சிரியா நாட்டு உஸ்மானிய வரவேற்பறை ஒன்று இங்கே முழு அறையாகவே மீட்டமைக்கப்பட்டுள்ளது. வண்ணம் தீட்டிய மரப்பலகை வெறும் மரவேலையாகச் சுருங்காமல், விருந்தினர் அமரும் இடமாக, வீட்டாரின் பெருமிதமாக அங்கே நிற்கிறது. ஓர் அறைக்குச் செய்ததை ஒரு கடல்வழிக்கும் செய்ய முடியும்.

நகரின் மற்ற இடங்களிலும் அதன் அருகிலும் இதே சிக்கல் வேறு உருவில் உள்ளது. மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகே 2010இல் திறக்கப்பட்ட தேசிய ஜவுளி அரும்பொருளகம், நெசவுக் கருவிகளுக்கும் உத்திகளுக்கும் ஒரு கூடம் ஒதுக்கியதால் செய்முறையை நன்றாக உணர்த்துகிறது. ஆனால் மலாய், சீனர், பாபா நியோன்யா, இந்தியர் என்று துணியைச் சமூகவாரியாகப் பிரிக்கும்போது, கைன் பெலிக்காட் போன்ற பொதுச்சொத்துக்கு வீடில்லாமல் போகிறது. கிள்ளானில் 1909இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடத்தில் 2007 முதல் இயங்கும் சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சிக்கூடம் ஓர் அரசரின் வாழ்வையே இழையாக்கிக்கொண்டதால் பொருள்களுக்கு உயிர்க்கதை கிடைக்கிறது, ஆயினும் கைவினைஞர் அக்கதைக்குள் வருவதற்கு வழி குறைவு.

இஸ்லாமியக் கலை அரும்பொருளகத்தில் கட்டடத்தை இடித்து மாற்றாமலே செய்யத்தக்கவை உண்டு. இந்தியா, மலாய் உலகம், துணி ஆகிய மூன்று கூடங்களிலும் ஒரே துணியைச் சுட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி சொல்லும் விளக்க அட்டைகள் முதற்படியாகலாம். அடுத்த படியாகச் சொற்களையும் துணைக்கொள்ளலாம். மலாய் மொழியின் 'பெத்தி', 'காத்தில்' ஆகிய சொற்கள் தமிழின் பெட்டியும் கட்டிலுமே. 'கெண்டி' என்ற மூக்குக் குடுவை இரு மொழியிலும் அதே பெயரில் வழங்குகிறது. மரக்கூடத்தின் பேழைக்கும் மண்பாண்டக் கூடத்தின் கெண்டிக்கும் அருகில் இந்தப் பெயர்வழிகளை எழுதிவைத்தால், ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணி விற்பவரும் பிரிக்பீல்ட்ஸில் பாத்திரக் கடை வைத்திருப்பவரும் தங்கள் கடைச் சரக்கின் மூதாதையை அங்கே பெயரிட்டு அழைக்க முடியும்.