விழுபவரைப் பாருங்கள்

தில்லித் தமிழர்களுக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. மலை மந்திர், தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம், பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு, சீக்கிரமே ஒரு கலர் பெல்ட். ஐகிடோ என்றால் மட்டும், "டான்ஸ் மாதிரி இருக்குமே, அதுவா?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பார்க்கத் தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். 1883இல் பிறந்து 1969இல் மறைந்த மொரிஹெய் உயெஷிபா, தான் கற்ற டைட்டோ-ரியு என்ற ஜுஜுத்ஸுவிலிருந்து உருவாக்கிய ஜப்பானியத் தற்காப்புக் கலை ஐகிடோ. தாக்க வருபவரின் வேகத்தோடு நகர்ந்து, அவர் நிலையைக் குலைத்து, எறிவது அல்லது கையை மடக்கித் தரையில் அமுக்குவது. மரவாளும் தடியும் உண்டு. டொமிகி வழி என்ற கிளை தவிரப் பெரும்பாலும் போட்டி கிடையாது. இரிமி-நாகே, கொத்தே-கயேஷி என்ற உத்திப் பெயர்களெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் எறிபவரையே பார்க்கிறார்கள்; ஹகாமா என்ற அகலக் கால்சட்டை சுழல்வதில் மயங்குகிறார்கள். நீங்கள் விழுபவரைப் பாருங்கள். அவர்தான் உகே. ஆட்டமே அவர் கையில்.

விழுவது வேறு, விழுந்து காட்டுவது வேறு. விழுந்து காட்டுபவரின் அடி நெற்றிக்குக் கிளம்பி ஒரு சாண் தள்ளிப் போகும். எதிரில் இருப்பவர் சும்மா நின்றிருந்தாலும் பட்டிருக்காது. கை தொடுவதற்கு முன்பே பறந்துவிடுவார். உண்மையாக விழுபவரின் அடி நெற்றிக்கே வரும். அடுத்த அரை விநாடி அவர் பாதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முன்னால் இழுபட்டால் குதிகால் எழும். பின்னால் சாய்ந்தால் கால் விரல்கள் எழும். அது நடக்காமலே உடம்பு பறந்தால் நாடகம். முன்பக்கம் உருள்பவர் கைவிளிம்பில் தொடங்கி, முழங்கை, தோள், முதுகின் குறுக்கே எதிர் இடுப்பு என்று சத்தமில்லாமல் போய் எழுந்து நிற்பார். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: வரப்போகும் உத்தி தெரிந்துகொண்டு விறைத்து நிற்கும் அடம். அதுவும் பொய்தான், வீரமாகத் தெரிகிற பொய்.

கூண்டுச் சண்டை ரசிகர்கள் யூடியூபில் போலி உகேக்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு நியாயம். ஆனால் பாதத்தைப் பார்க்கிற பொறுமை அவர்களுக்கும் இல்லை. ஸ்டீவன் சீகல் படம் பார்த்துவிட்டு வருபவர்கள் மணிக்கட்டு ஒடியும் சத்தத்துக்கு வருகிறார்கள். ஐகிடோவை ஒரே மதியத்தில் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' ஆக்கித் தரும் கார்ப்பரேட் பயிலரங்குகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஜப்பானின் பழைய வாள் பள்ளிகளில் பயிற்சியின்போது தோற்கும் பக்கத்தை மூத்தவர்தான் ஏற்பார். ஐகிடோவில் தலைகீழ்: ஆசிரியர் எறிவார், மாணவர் விழுவார். நாளெல்லாம் எறிந்துகொண்டே இருக்கும் மனிதருக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்? வெள்ளை பெல்ட்காரருக்காகத் தானே விழுந்து எழுகிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர் வளர்த்த மாணவர்களையும் பாருங்கள். குருவைச் சீடர்களைக் கொண்டு அளப்பது தில்லிக்குப் புதிதா என்ன? 1987இல் துரோணாசார்யா விருது பெற்ற குரு ஹனுமானின் மல்யுத்த அகாடாவிலிருந்து சத்பால் வந்தார். சத்பாலிடமிருந்து சுஷீல் குமார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இப்போது எறிவதைவிட விழுவதுதான் பிடித்திருக்கிறது. ராஜீவ் சௌக்கில் மெட்ரோ கதவு திறந்ததும் பின்னாலிருந்து இடி விழும். முன்பெல்லாம் முழங்கை முந்திக்கொள்ளும். இப்போது இடுப்பு திரும்பிக்கொள்கிறது, இடித்தவர் முன்னால் போய்விடுகிறார், எனக்குக் கோபமும் வருவதில்லை. வீட்டில் இதை நம்ப மறுக்கிறார்கள்.

டெமோவுக்குப் போகாதீர்கள், அங்கே நன்றாகப் பறப்பவர்களாகப் பொறுக்கி வைத்திருப்பார்கள். சாதாரண நாளில், சாதாரண வகுப்புக்குப் போய், கேட்டுக்கொண்டு, மெத்தையின் ஓரத்தில் தரையில் உட்காருங்கள். பாதம் அங்கிருந்துதான் தெரியும். விழவே பயப்படுகிற புது ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார். ஆசிரியர் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.