கூட்டத்தில் நின்றவன் எடுத்த பதிவு

ஓர் இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்வோர் இரு திறத்தார். மேடையெங்கும் ஒலிவாங்கிகளை நிறுத்தி, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே வாங்கி, பின்னர் நிலையத்தில் அமர்ந்து ஒலிகளை அளந்து கலக்கும் நிறுவனத்தார் ஒரு திறத்தார். நுழைவுச்சீட்டு வாங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே சென்று, மறைத்து எடுத்துப்போன சிறு கருவியால் தம் காதுக்கும் கண்ணுக்கும் எட்டியதைப் பிடித்து வருவோர் மற்றொரு திறத்தார். முன்னவர் பதிவே செம்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்னவர் பதிவுக்கு மட்டுமே உரிய ஓர் உண்மை உண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட பொருள், மெட்டாலிகா என்னும் அமெரிக்க இசைக்குழு 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிளிஃப் எம் ஆல்' என்னும் ஒளிநாடா.

ஹெவி மெட்டல் என்றதும் நம்மில் மூத்தோர் பலர் 'இரைச்சல்' என்று முகம் சுளிப்பர். ஆனால் இக்குழு 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனைத் திடலில் இசைத்தபோது அங்கே திரண்டு நின்றவர்கள் நம் இந்திய நகரங்களின் இளைஞர்களே. நம் இல்லங்களிலும், மூடிய அறைக் கதவுக்குப் பின்னே இவ்விசை ஒலிப்பதுண்டு. இதனை விரும்பியே ஆகவேண்டும் என்று எவரும் கூறார். எனினும் பிள்ளைகள் உயிராய்ப் போற்றும் ஒன்றை, அது யாதென அறிந்த பின்னர் மதிப்பிடுவதே முறை.

மெட்டாலிகா 1981-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் தோன்றிய குழு. கிளிஃப் பர்ட்டன் என்னும் பேஸ் கிட்டார் கலைஞரை அவர்கள் அழைத்தபோது, தாம் வாழ்ந்த சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குக் குழுவே குடிபெயர்ந்து வந்தால் சேர்வதாக அவர் கூறினார். ஒரு கலைஞனுக்காக ஒரு குழுவே ஊர் மாறியது. பிழைப்புக்காக ஊர் மாறிய நமக்கு அதன் அருமை விளங்கும். அவருடன் அக்குழு மூன்று இசைத்தட்டுகளை உருவாக்கியது. 1986 செப்டம்பர் 27 அன்று விடியற்காலையில், சுவீடன் நாட்டில் நெடுஞ்சாலையொன்றில் குழுவினர் சென்ற பேருந்து கவிழ்ந்து பர்ட்டன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 24.

மறு ஆண்டு நண்பர்கள் அவர் நினைவாக வெளியிட்டதே இந்த ஒளிநாடா. குழுவின் முதல் இசைத்தட்டான 'கில் எம் ஆல்' என்பதைத் திரித்து அவர் பெயரைப் பொதிந்து இதற்குப் பெயரிட்டனர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் இந்நாடாவில் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட காட்சிகளும் உள்ளன. ஆனால் இதற்குத் தனித்தன்மை தருபவை, ரசிகர்கள் அனுமதியின்றிக் கூட்டத்திலிருந்து எடுத்த காட்சிகளே. பிறர் திருட்டுப் பதிவு என்று தள்ளக்கூடியதை நண்பர்கள் தேடி வாங்கித் தம் அஞ்சலியாகத் தொகுத்துத் தந்தனர்.

குறைகளை முதலில் கூறிவிடுவோம். படம் நடுங்குகிறது. முன்னால் நிற்பவர் தலை மேடையை மறைக்கிறது. விளக்கொளி பட்ட முகங்கள் வெளிறிப் போகின்றன. ஒலியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கையடக்கக் கருவியின் சிறிய ஒலிவாங்கி, பேரொலி வந்ததும் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். ஒலி தணிந்ததும் மீண்டும் ஏற்றிக்கொள்ளும். இதனால் இசை மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்குந்தோறும் இரைச்சலும் ஒரு படி மிகும்.

இவ்வகைப் பதிவில் மிகுதியும் இழப்புக்கு உள்ளாவது தாழ்ந்த சுரங்களே. அவை பெரிய மண்டபத்தின் சுவர்களில் மோதிக் குழம்பிவிடும்; சிறிய ஒலிவாங்கிகள் அவற்றைச் செம்மையாக வாங்குவதும் இல்லை. பேஸ் கிட்டாரோ தாழ்ந்த சுரங்களுக்கென்றே அமைந்த கருவி. ஆக, எந்தக் கருவியை இப்பதிவுகள் நன்கு பிடிக்கமாட்டாவோ, அந்தக் கருவியை வாசித்தவருக்கே இவை நினைவுச் சின்னமாக வாய்த்தன. இந்த முரணே இத்தொகுப்பை ஆராயத் தூண்டுகிறது.

பர்ட்டன் பேஸ் கிட்டாரைப் பக்கத் துணையாக மட்டும் கொண்டவர் அல்லர். பிளெக்ட்ரம் என்னும் சிறு தகட்டைப் பயன்படுத்தாமல் விரல்களாலேயே மீட்டினார். ஒலியைக் கரகரக்கச் செய்யும் கருவியையும், காலால் மிதித்து ஒலியை வளைக்கும் வா-வா பெடலையும் இணைத்து, உயர்ந்த சுரங்களில் தனியே உலா வருவார். 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' என்னும் பாடலின் தொடக்கத்தில் வரும் கூரிய ஒலியைக் கிட்டார் என்றே பலர் எண்ணுவர். அது அவருடைய பேஸ். 1985-இல் ஓக்லாந்துத் திறந்தவெளி அரங்கில் அதை வாசிக்கும் காட்சி இந்நாடாவில் உண்டு. இசைத்தட்டைக் கேட்டு ஏமாறிய காதைக் கண் இங்கே திருத்துகிறது.

1983 மார்ச் 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 'த ஸ்டோன்' என்னும் சிறிய அரங்கில் எடுத்த காட்சி வரலாற்று நோக்கில் இன்றியமையாதது. பர்ட்டன் இக்குழுவுடன் மேடையேறத் தொடங்கிய மாதம் அது. அருகில் டேவ் மஸ்டேய்ன் கிட்டார் வாசிக்கிறார். அடுத்த மாதமே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஜூலையில் வெளிவந்த முதல் இசைத்தட்டில் அவர் வாசிப்பு இல்லை. இசைத்தட்டு மட்டும் எஞ்சியிருக்குமாயின் இந்நால்வர் கூட்டணி வெறும் பெயர்ப்பட்டியலாகியிருக்கும்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பாடுபவர் முகத்தையே நாடுவது வழக்கம். கூட்டத்தில் நிற்கும் ரசிகனுக்கோ எவரும் கட்டளையிடுவதில்லை. தலைமயிர் சுழல, அகன்ற காற்சட்டையோடு மேடை ஓரத்தில் ஆடி நிற்கும் பேஸ் கலைஞனை அவன் விரும்பினால், கருவி அங்கேயே நிலைத்து நிற்கும். அவன் எதைக் காதலித்தான் என்பதையும் சேர்த்தே அந்நாடா பதிந்து வைக்கிறது. நம் சபாக்களிலும் முன்வரிசையில் அமர்ந்து மடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்திருந்த ரசிகர்களை நாம் கண்டதுண்டு. அந்நாடாக்களில் இருமலும், தொடையில் தாளம் போடும் ஓசையும், பக்கத்து இருக்கையின் 'பலே'யும் கலந்திருக்கும். அவற்றை நீக்கிக் கேட்க விரும்புவோர் சிலரே.

இதற்கு மறுப்பும் உண்டு. கலைஞனின் உழைப்பை அவன் இசைவின்றி எடுத்துச் செல்வது முறையா என்ற வினாவை ஒதுக்குதல் தகாது. மெட்டாலிகாவின் வரலாறே இவ்வினாவின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. 1982-இல் அவர்கள் வெளியிட்ட முன்னோட்ட நாடா, ரசிகர்கள் தமக்குள் படியெடுத்து அஞ்சலில் பரிமாறியே ஊரூராய்ப் பரவியது. அதே குழு 2000-ஆம் ஆண்டில் நாப்ஸ்டர் என்னும் கணினிவழிப் பரிமாற்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தபோது, பழைய ரசிகர் பலர் மனம் நொந்தனர். ஆனால் அவ்வழக்கில் உள்ளது வேறு பொருள். நிலையத்தில் முடித்த பாடலைப் படியெடுப்பவன், முன்பே உள்ளதையே பெருக்குகிறான். அரங்கில் பதிவு செய்பவன், அவன் பிடிக்காவிடில் அன்றிரவே மறைந்துபோகும் ஒன்றைக் காக்கிறான். அதை விற்றுப் பொருளீட்டாத வரையில் அவனைக் கள்வன் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதனால் கூட்டத்தில் எடுத்த பதிவெல்லாம் போற்றத்தக்கவை என்று முடிவு கட்டலாகாது. இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு கருவி இருக்கிறது. எடுத்தவரே மறுமுறை பார்க்காத பதிவுகள் எண்ணிறந்தன. இந்நாடா நிலைப்பதற்குக் காரணம், பறிகொடுத்தவர்கள் தேர்ந்து கோத்தமையே. பாடல்களுக்கிடையே நண்பர்கள் மதுக் குப்பிகளோடு அமர்ந்து சிரித்துப் பேசுவது நம் இழவு வீட்டு ஒழுக்கத்துக்கு ஒவ்வாததாய்த் தோன்றலாம். ஆனால் போனவரைப் பற்றி அவர் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிக்காத துக்க வீடு நம்மிடையேயும் உண்டோ? முடிவில் 'ஓரியன்' என்னும் சொல்லற்ற இசையின் அமைதியான பகுதி ஒலிக்க, பர்ட்டனின் நிழற்படங்கள் வருகின்றன. இரைச்சல் என்று இகழ்வோர் இப்பகுதியையேனும் ஒருமுறை கேட்டல் நன்று.

வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. சுவீடனில் விபத்து நேர்ந்த இடத்துக்கருகே 2006-இல் பர்ட்டனுக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. அக்கல்லுக்கு 19 ஆண்டுகள் முன்பே, முகமறியா ரசிகர்கள் கைநடுங்க எடுத்த காட்சிகளால் ஒரு கல் நடப்பட்டுவிட்டது. அதில் அவர் பெயரோடு, அவரைப் பார்த்து ஆரவாரித்தவர்களின் குரலும் பொறிக்கப்பட்டுள்ளது. பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி, அந்நாடாவை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் அமருங்கள்.