எண்ணிக்கையும் எடையும்

1984-ம் வருஷம் பிரிட்டனின் வார விற்பனைப் பட்டியலில் புதிதாக முதலிடத்துக்கு வந்த பாட்டுகள் பதினான்கு. 1983 டிசம்பரிலேயே முதலிடத்தைப் பிடித்து ஜனவரி முதல் வாரம் வரை உட்கார்ந்திருந்த 'ஒன்லி யூ'வை முந்திய வருஷக் கணக்கில் விட்டுவிட்டேன். மற்ற பதினான்கையும் அவை வந்த வரிசையிலேயே பலமுறை கேட்டு, எனக்கென்று ஒரு தர வரிசை போட்டுப் பார்த்தேன். முதலில் போட்ட வரிசை ஒன்று. இப்போது ஒப்புக்கொள்கிற வரிசை வேறொன்று. இரண்டுக்கும் நடுவே எனக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பட்டியல் என்றாலே நம்மிடையே ஒரு முகச்சுளிப்பு உண்டு. க.நா.சு. பட்டியல் போட்டபோது காரணம் சொல்லாமல் பெயர்களைச் சொல்லிப் போகிறார் என்று கோபித்துக்கொண்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 'இவன் ஏன் இல்லை, அவன் ஏன் இருக்கிறான்' என்று கேட்ட கணத்தில் கேட்டவனும் காரணம் சொல்லக் கடமைப்பட்டுவிட்டான். பட்டியலின் பிரயோஜனம் அதுதான் என்று நினைக்கிறேன். அது முடிவு அல்ல. காரணங்களை வெளியே இழுக்கும் ஒரு கொக்கி.

விற்பனைப் பட்டியலோ காரணமே கேட்காதது. 1983 முதல் கேலப் நிறுவனம் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையைக் கணக்கெடுத்து வாராவாரம் அதைத் தயாரித்து வந்தது. ஒருவன் ஆடுவதற்காக வாங்குகிறான். ஒருத்தி காதலனுக்குக் கொடுக்க வாங்குகிறாள். இன்னொருவர் பசித்தவனுக்குப் பணம் போய்ச் சேரட்டும் என்று வாங்குகிறார். எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்று கூட்டப்படும். எண்ணுவது அதன் வேலை, நிறுப்பது அல்ல. இது நமக்குத் தெரிந்ததுதான். நமக்குத் தெரியாதது நம்முடைய சொந்த மூடநம்பிக்கை: லட்சக்கணக்கில் விற்றது என்பதே அதற்கு எதிரான சாட்சியம் என்கிற நம்பிக்கை. இதுவும் எண்ணிக்கையை வைத்து எடை சொல்கிற காரியம்தான். தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம், அவ்வளவே.

இந்த நம்பிக்கையோடு உட்கார்ந்த எனக்கு அந்த வருஷம் ஒரு தூண்டில் போட்டது. ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்ற லிவர்பூல் குழுவின் மூன்று பாட்டுகள் அந்த ஐம்பத்திரண்டு வாரங்களில் பதினைந்து வாரம் முதலிடத்தில் இருந்தன. அவற்றை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ஸாங் டும் டும். இத்தாலிய எதிர்காலவாதி மரினெட்டி 1914-ல் வெளியிட்ட கவிதை நூலின் பெயரைத் திரித்து வைத்தது. 1912-ல் பத்திரிகை நிருபராகப் போய் ஏட்ரியனோப்பிள் முற்றுகையைப் பார்த்து, பீரங்கிச் சத்தத்தை எழுத்தாக்க முயன்ற கவிதை அது. நிறுவனத்தை 1983-ல் தொடங்கிய மூவரில் ட்ரெவர் ஹார்ன் இசைத் தயாரிப்பாளர், ஜில் ஸின்க்ளேர் அவர் மனைவி, பால் மார்லி இசை விமர்சகர். ஒரு விமர்சகன், ஒரு நவீனத்துவக் கவிதையின் பெயரைத் தலையில் சூட்டிக்கொண்டு, சந்தையின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறான். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய வசியம் எது? என் முதல் வரிசையில் 'டூ ட்ரைப்ஸ்' ஒன்று, 'ரிலாக்ஸ்' இரண்டு. பாட்டைக் கேட்பதற்கு முன்பே உறையைப் படித்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

'ரிலாக்ஸ்' அநேகமாக நகராத பாட்டு. அடியில் ஒரே தாளம் குத்திக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் சத்தங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஹாலி ஜான்ஸனின் குரலைத் தவிர குழுவினர் வாசித்தது இறுதித் தட்டில் ஏறக்குறைய எதுவும் இல்லை. மிச்சமெல்லாம் ஹார்னும் அவருடைய கூடத்து ஆட்களும் யந்திரங்களும் செய்தவை. 1984 ஜனவரியில் பிபிஸி அதை ஒலிபரப்ப மறுத்தது. தேசிய வானொலி, தேசத்தின் முதல் பாட்டை ஐந்து வாரம் வாயில் வைக்காமலிருந்த விநோதம் நடந்தது. தடை செய்யப்பட்டது என்பதற்காக ஒரு பாட்டு உயர்ந்துவிடாது. ஆண்மீது ஆணுக்குள்ள ஆசையை மன்னிப்புக் கேட்காமல், சோகமாக்காமல் பாடுகிறதே, அதற்கு நான் மதிப்பெண் தருகிறேன்.

அந்த வருஷம் யுத்தத்தைப் பற்றி மூன்று பாட்டுகள் முதலிடம் பெற்றன. 1983 நவம்பரில் க்ரீன்ஹாம் காமனுக்கு அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகள் வந்து இறங்கியிருந்தன, பயம் நிஜமானது. மெக்கார்ட்னியின் 'பைப்ஸ் ஆஃப் பீஸ்' அந்தப் பயத்தைக் கண்டு பின்னால் ஓடுகிறது. அதன் படம் 1914 கிறிஸ்மஸில் எதிரெதிர்ப் பதுங்குகுழிக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்ட நாளைக் காட்டுகிறது. நடந்த சம்பவம்தான். ஆனால் அணு ஆயுதத்துக்குக் கைகுலுக்கப் பதுங்குகுழி கிடையாது. சமாதானம் இங்கே ஒரு பழைய புகைப்படம். பன்னிரண்டாமிடம்.

நேனா குழுவின் '99 ரெட் பலூன்ஸ்' மேற்கு பெர்லினிலிருந்து வந்தது. 1982-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்த கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ், இவை சுவருக்கு அந்தப்பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதியது. ஜெர்மன் மூலத்தில் பலூன்களுக்கு நிறம் இல்லை. ஆங்கிலத்தில் ஓசை நிரம்புவதற்காக 'சிவப்பு' வந்து ஒட்டிக்கொண்டது. பனிப்போர் உச்சத்தில் அந்தச் சொல் சும்மா இருக்குமா? எதுவுமில்லாத ஒன்றை எதிரி என்று எண்ணிப் படைகள் கிளம்புவதுதான் பாட்டின் கரு. நிறம் கொடுத்ததும் கரு பாதி செத்துவிட்டது. அமெரிக்கர்கள் ஜெர்மன் வடிவத்தையே வாங்கி இரண்டாமிடம் வரை கொண்டுபோனார்கள். பிரிட்டிஷார் மொழிபெயர்ப்பை முதலிடத்தில் வைத்தார்கள். மொழிபெயர்ப்பிலும் பிழைத்த வேகத்துக்காக ஐந்தாமிடம்.

'டூ ட்ரைப்ஸ்' ஒன்பது வாரம் ஆண்டது. இதன் நீண்ட வடிவத்தில் அபாயச் சங்கு ஊதுகிறது. அணுகுண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் எடுத்து வைத்திருந்த படங்களுக்குக் குரல் கொடுத்த நடிகர் பாட்ரிக் ஆலனையே கூப்பிட்டு அதே தொனியில் பேசவைத்திருக்கிறார்கள். படத்தில் ரீகனையும் செர்னென்கோவையும் போன்ற இருவர் மல்யுத்தம் செய்கிறார்கள். மூன்றில் இதற்குத்தான் நிகழ்காலம் தெரிகிறது. ஆனால் ஐந்தாறு முறை கேட்டபின் எனக்கு ஓர் உறுத்தல் வந்தது. அந்தச் சங்கு ருசிக்கிறது. பயமுறுத்த வேண்டிய சத்தத்துக்காகக் கால் காத்திருக்கிறது. அப்போதுதான் நிறுவனத்தின் பெயர் வெறும் அலங்காரமல்ல என்று புரிந்தது. யுத்தத்தை உலகைச் சுத்தம் செய்யும் மருந்தென்று 1909-லேயே பிரகடனம் செய்தவர் மரினெட்டி. பிற்பாடு முஸோலினியின் பக்கம் போனவர். பீரங்கியில் சங்கீதம் கேட்ட அந்தக் காதை, பீரங்கிக்கு எதிரான பாட்டும் கடன் வாங்கியிருக்கிறது. இந்த முரண்பாட்டைப் பாட்டு அறியவில்லை. புதுப்புதுக் கலவைகளாகப் 12 அங்குலத் தட்டுகளை வாராவாரம் இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அறிய அவகாசமும் இல்லை. முதலாமிடத்திலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.

நடுவில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'கேர்லெஸ் விஸ்பர்' நாலு: ஸ்டீவ் க்ரெகரியின் ஸாக்ஸஃபோன் முதல் சில நொடிகளில் குற்றவுணர்வு முழுவதையும் சொல்லிவிடுகிறது, வார்த்தைகள் பிறகு வந்து உரையெழுதுகின்றன. 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ' ஆறு: தன் அளவு தெரிந்த சந்தோஷம். 'தி பவர் ஆஃப் லவ்' ஏழு. 'தி ரிஃப்ளெக்ஸ்' எட்டு: வார்த்தைகளுக்கு அர்த்தம் கிடையாது, நைல் ராஜர்ஸ் மறுகலவை செய்தபோது குரலை நறுக்கி வாத்தியமாக்கியதால் தப்பித்தது. 'ஃப்ரீடம்' ஒன்பது. ஜிம் டயமண்டின் 'ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்' பத்து. லயனல் ரிச்சியின் 'ஹலோ' பதினொன்று.

இனி கஷ்டமான இரண்டு. 1984 அக்டோபர் 23-ல் எத்தியோப்பியப் பஞ்சம் பற்றி மைக்கேல் ப்யூர்க்கின் செய்திப் படம் பிபிஸியில் வந்தது. அதைப் பார்த்த பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து ஒரு பாட்டை எழுதி, நவம்பர் 25-ல் பிரபலங்களைக் கூட்டிப் பதிவுசெய்தார். 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?' முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குச் சற்றுமுன் முதலிடத்திலிருந்த ஜிம் டயமண்ட், என் தட்டை வாங்காதீர்கள், அதை வாங்குங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். மனிதன் செய்யக்கூடிய அழகான காரியம்.

பாட்டு? நாலாம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவம் வேரூன்றிய நாட்டைப் பார்த்து, ஜனவரி 7-ல் தனக்கென்று ஒரு கிறிஸ்மஸ் வைத்திருக்கிற ஜனங்களைப் பார்த்து, கிறிஸ்மஸ் வந்தது இவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறது. நாட்டின் பெயர் பாட்டில் இல்லை. பஞ்சத்தை மழை மட்டும் உண்டாக்கவில்லை. உள்நாட்டு யுத்தமும் மெங்கிஸ்டு அரசும் சேர்ந்து உண்டாக்கின. பாட்டில் மனிதர் செய்த தவறு எதுவும் இல்லை, வறண்ட மண் மட்டும் இருக்கிறது. இதை வாங்கியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். வாங்கியதோடு என் கடமை முடிந்தது. அதை நல்ல பாட்டு என்று சொல்வது அந்தக் கடமையில் சேராது. உள்ளடக்கத்தின் நியாயம் உருவத்தின் பொய்யை மன்னித்துவிடும் என்று வாதாடுகிறவர்கள் நம்மிடையே எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: பதின்மூன்றாமிடம்.

கடைசியிடம் ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்ட் டு ஸே ஐ லவ் யூ'. ஆறு வாரம் முதலிடம். வருஷத்தின் விசேஷ நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது அந்த நாளில்லை, இந்த நாளில்லை என்று தாண்டிப் போகிறது. டிரம் மெஷின் எதையும் கேட்காமல் தட்டிக்கொண்டிருக்கிறது. 1985-ல் இதற்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தபோது அதைச் சிறையிலிருந்த மண்டேலாவின் பெயரால் வாங்கிக்கொண்டார் வொண்டர்; தென்னாப்பிரிக்க வானொலி அவர் பாட்டுகளைத் தடைசெய்தது. மனிதர் பெரியவர். பாட்டு சின்னது.

அதே வொண்டர்தான் என் முதலாமிடத்திலும் இருக்கிறார். நவம்பரில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த ஷாகா கானின் 'ஐ ஃபீல் ஃபார் யூ'. பிரின்ஸ் 1979-ல் எழுதி, தானே பாடி வெளியிட்ட பாட்டு. துருக்கியில் பிறந்த தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் அதை எடுத்து, ராப்காரர் மெலி மெலைக் கொண்டு அவள் பெயரைச் சொல்லவைத்துத் தொடங்குகிறார். பெயர் உடைந்து உடைந்து திரும்புகிறது. யந்திரத்தில் கை தவறி வந்தது அது என்று மார்டினே சொல்லியிருக்கிறார். வொண்டரின் ஹார்மோனிகா நடுவில் வருகிறது. 1963-ல் சிறுவனாக அவர் பாடிய 'ஃபிங்கர்டிப்ஸ்' தட்டின் துணுக்கும் வருகிறது. ஒரே பாட்டுக்குள் சிறுவனும் பெரியவனும். சர்ச்சிலிருந்து வந்த குரலும் தெருவிலிருந்து வந்த பேச்சும். மனிதன் தவறவிட்டு யந்திரம் திக்குவது. எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கிறது அவள் குரல். துணுக்குகளை ஒட்டி முழுமை காண்பது என்று எதை நாம் நவீனத்துவம் என்று ஓயாமல் எழுதுகிறோமோ அது இங்கே நடந்திருக்கிறது. உறையில் பிரகடனம் இல்லை. அதனால்தான் முதல் தடவை எனக்குக் காது கேட்கவில்லை. முதல் வரிசையில் இதற்கு நான் கொடுத்திருந்த இடம் ஒன்பது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷத்தின் மொத்த விற்பனையில் முதல் ஐந்து: கெல்டாஃபின் பாட்டு, வொண்டர், 'ரிலாக்ஸ்', 'டூ ட்ரைப்ஸ்', 'கேர்லெஸ் விஸ்பர்'. என் வரிசையில் இவை பதின்மூன்று, பதினான்கு, மூன்று, இரண்டு, நாலு. ஜனங்கள் சரியென்றோ தப்பென்றோ இதிலிருந்து ஒரு சூத்திரம் பண்ண முடியவில்லை.

காலம் தீர்ப்புச் சொல்லும் என்பார்கள். அந்த டிசம்பரில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' கெல்டாஃப் பாட்டின் நிழலில் இரண்டாமிடத்திலேயே நின்றுபோனது. ஜார்ஜ் மைக்கேல் 2016-ல் கிறிஸ்மஸ் அன்று செத்துப்போனார். பாட்டு 2021 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது. தட்டு விற்பதை எண்ணிய இடத்தில் இப்போது இணையத்தில் கேட்பதையும் எண்ணுகிறார்கள். எண்ணும் முறை மாறியது, எண் மாறியது. காலம் செய்ததும் எண்ணிக்கைதான். நிறுத்துப் பார்க்கிற வேலை அப்படியே நம்மிடம் கிடக்கிறது. பழைய வரிசையை நோட்டுப் புத்தகத்தில் அடிக்காமல் வைத்திருக்கிறேன். உறையைப் படித்துவிட்டுக் கேட்டவனின் கையெழுத்து அது.